சுருட்டு அலுமாரிக்குத் தம்பி செய்த விசிறி

பெரியண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். தம்பி செய்த விசிறி உங்கள் சுருட்டுகளைக் கெடுக்கவில்லை. கெடுத்தது நீங்கள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மேடையில் ஏறி, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் கூடப்பிறந்தவனை ஒரு பகிடியாக்கினீர்கள். அவன் செத்த பிறகும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

நான் அதிகம் படித்தவள் அல்ல. கொட்டாஞ்சேனையில் தையல் மெஷின் மிதித்துச் சாப்பிடுகிறவள். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை. எங்கள் ஆட்கள் இதைப் படித்தால் யார் யார் என்று அவர்களுக்கே விளங்கும்.

நாங்கள் மூன்று பேர். பெரியண்ணை, நான், தம்பி. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்துப் போய்விட, பெரியண்ணைதான் எங்களைக் கொழும்புக்குக் கூட்டி வந்தார். அதை நான் மறுக்கவில்லை. அவர் புறக்கோட்டையில் யாழ்ப்பாணச் சுருட்டு விற்கத் தொடங்கி, பிறகு கோட்டையில் துரைமாருக்கென்று கண்ணாடிக் கதவு வைத்த ஒரு கடை போட்டார். கப்பலில் வரும் கியூபாச் சுருட்டும் மணிலாச் சுருட்டும் அங்கே கிடைக்கும். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடு கட்டினார். நான் கலியாணமாகி இரண்டாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தேன். தம்பி என்னோடு இருந்தான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், மோட்டார்களும் மின்விசிறிகளும் திருத்துகிற ஒரு பட்டறையில் வேலை செய்தான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணை வீட்டுக்கு வந்தார். வந்தால் இருக்க மாட்டார், வாசலில் நின்றே கதைப்பார். அன்றைக்குக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“டேய், ஊரான் வீட்டு ஃபேனெல்லாம் திருத்துறாய். என்ரை கடைக்கு ஒண்டு செய்து தரமாட்டியோ?”

“கூரையிலை தொங்கிறதோ, மேசையிலை நிக்கிறதோ?”

“ரெண்டும் இல்லை. சுருட்டுக்கு.”

“ஏன், சுருட்டுக்கு வேர்க்குதோ?” என்றான் தம்பி.

நான் சிரித்துவிட்டேன். பெரியண்ணை சிரிக்கவில்லை.

“வேர்க்கேல்லை. பூஞ்சணம் பிடிக்குது. நீ பகிடி விடு. அங்கை நான் தொரைக்குப் பதில் சொல்ல ஏலாமல் நிக்கிறன்.”

விஷயம் இதுதான். சுருட்டு வைப்பதற்கென்றே செய்த ஓர் அலுமாரியைச் சீமையிலிருந்து எடுப்பித்திருந்தார். ஆள் உயரம். கண்ணாடிக் கதவு. உள்ளே வாசமுள்ள ஒரு சீமை மரப்பலகை, தட்டுத் தட்டாக இழுப்பறைகள், அடியில் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைக்கும் பித்தளைப் பெட்டி. சுருட்டு காயக் கூடாது, நனையவும் கூடாது. சீமையில் அந்தப் பஞ்சு சரியாக வேலை செய்திருக்கும். கொழும்பு மழைக்காலத்தில் அடித்தட்டுச் சுருட்டெல்லாம் வெள்ளையாகப் பூத்தன. மேல்தட்டில் இருந்தவை காய்ந்து வெடித்தன. உள்ளே காற்று அசையாமல் நிற்பதுதான் காரணம். பெரியண்ணை ஒரு மேசை விசிறியை உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரே நாளில் எல்லாம் சருகாகிவிட்டன. சத்தம் வேறு. ஒரு துரை கடைக்குள் வந்து, அலுமாரிக்குள் லொறி நிற்கிறதா என்று கேட்டாராம்.

“சத்தம் வரக் கூடாது. காத்துப் பலமாய் அடிக்கக் கூடாது. சூடு ஏறக் கூடாது. விளங்குதோ?” என்றார். “இது சரிவந்தால் தொரைமாற்றை கிளப்பிலையும் இதே மாதிரி அலுமாரி வைக்கப் போயினம். எல்லாத்துக்கும் உன்ரை ஃபேன்தான். பிறகு நீ ஏன் இன்னொருத்தனுக்குக் கீழை நிக்கிறாய்? உனக்கெண்டு ஒரு பட்டறை போட்டுத் தாறன்.”

அன்று முதல் தம்பிக்கு வேறு நினைப்பே இல்லை. சொந்தப் பட்டறை. வாசலில் ஒரு பலகை. அதில் எழுத்து வெள்ளையில் இருப்பதா மஞ்சளில் இருப்பதா என்றுகூட என்னைக் கேட்டான். மஞ்சள் தூரத்துக்குத் தெரியும் என்றேன். அவன் வாழ்க்கையில் கேட்ட ஒரே பெரிய சாமான் அந்தப் பலகைதான்.

அவன் பெரிய கெட்டிக்காரன் என்று நான் சொல்ல வரவில்லை. பிழை விட்டுத்தான் படித்தான். ஏலத்தில் ஒரு பழைய மேசை விசிறியை வாங்கி, அதன் மோட்டாரை எடுத்தான். முதலில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் இறக்கை வெட்டினான். அது கடகடவென்று ஆடியது. அடுத்த வீட்டு மனிசி எட்டிப் பார்த்து, “என்ன, உங்கடை வீட்டுக்குள்ளை ட்ராம் ஓடுதோ?” என்று கேட்டாள். தகரத்தை எறிந்துவிட்டுப் பித்தளைத் தகட்டில் வெட்டினான். ஓர் இறக்கை மற்றதைவிடக் கொஞ்சம் பாரமாக இருந்தாலும் நடுங்கும் என்று, அரத்தால் ராவி ராவி நிறை பார்த்தான். என் தையல் ஊசி ஒன்றில் அதைக் கோத்துப் பிடித்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பான். சாய்ந்த பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவுவான். எங்கள் வீட்டுத் தரையெல்லாம் பித்தளைத் தூள்.

வேகத்தைக் குறைக்க, மோட்டாருக்குப் போகும் கம்பியின் நடுவே ஒரு மின்குமிழைப் பூட்டினான். குமிழ் மங்கலாக எரியும், மோட்டார் மெல்லச் சுற்றும். மோட்டாரை அலுமாரிக்குள்ளே வைத்தால் சூடு ஏறும். ஆகவே மோட்டாரைப் பின்பக்கம் வெளியே வைத்து, பலகையில் ஓட்டை போட்டு, தண்டை மட்டும் உள்ளே விட்டு, இறக்கையை உள்ளே பூட்டுவது என்று முடிவு செய்தான். கடையில் பூட்டுவதற்கு முன், மரப்பெட்டி ஒன்றை அலுமாரி போலச் செய்து வீட்டில் வைத்துத்தான் எல்லாம் பார்த்தான்.

என் வேலை கேட்பது. கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன்.

“கேக்குதோ அக்கா?”

“கேக்குது.”

“என்ன மாதிரி?”

“காதுக்குள்ளை நுளம்பு இரையிற மாதிரி.”

அவன் எதையோ திருகுவான்.

“இப்ப?”

“பெரிய நுளம்பு.”

“நீ வேணுமெண்டு சொல்றாய்.”

“கேக்கிறதைத் தானே சொல்லலாம். பொய் சொல்லட்டோ?”

மோட்டார் தனியாகச் சுற்றும்போது சத்தமே இல்லை. பெட்டியில் பூட்டியவுடன் பெட்டி முழுக்க ம்ம்ம் என்று இரையும். அந்த இரைச்சல் மரத்துக்குள் இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடிக்க அவனுக்கு நாட்கள் பிடித்தன. சைக்கிள் டியூப்பை வெட்டி இடையில் வைத்தான். இரைச்சல் குறைந்தது. ஆனால் ரப்பர் மணம். சுருட்டு எந்த மணத்தையும் இழுக்கும், ரப்பர் ஆகாது என்று தானே கழற்றிவிட்டான்.

பிறகு ஒரு நாள், “அக்கா, எனக்கு ஒரு ஏணை தைச்சுத் தா” என்றான்.

“ஏணையோ? கலியாணம் கட்டவே பொம்பிளை பாக்கேல்லை. அதுக்குள்ளை பிள்ளைக்கு ஏணையோ?”

“பிள்ளைக்கில்லை. மோட்டருக்கு.”

பாய்மரத் துணியை மடித்து மடித்து, நாலு தையல் போட்டு, பிள்ளையைப் போடுகிற துணித்தொட்டில் மாதிரி ஒரு சின்ன ஏணை தைத்துக் கொடுத்தேன். கழுவிக் காயவைத்த துணி, ஒரு மணமும் இல்லை. அதில் மோட்டாரைப் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தி, சட்டத்தில் தொங்கவிட்டான். மரத்தோடு எங்கும் முட்டவில்லை. நான் கண்ணை மூடினேன். வெளியே மாட்டுவண்டி போனது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. நான் பொறுமையிழந்து, “விசிறியைப் போடன், எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?” என்றேன்.

“போட்டு எவ்வளவு நேரமாச்சு!” என்றான்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

எண்ணெய் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியண்ணை அதில்தான் பழியைப் போட்டார். தண்டு சுற்றுகிற இடத்தில் முதலில் தேங்காயெண்ணெய் விட்டான். நாலைந்து நாளில் சிக்கு மணம் வந்தது. துடைத்து எறிந்தான். பிறகு என் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு. அதுவும் வெளியே இருக்கிற மோட்டாருக்குத்தான். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. அதற்கும் அவன் நம்பவில்லை. பேக்கரியில் வாங்கிய ஒரு துண்டு பாணை அந்தப் பெட்டிக்குள் வைத்து, ஒரு பகல் முழுக்க விசிறியைச் சுற்றவிட்டு, பின்னேரம் எடுத்து மணந்து பார்த்தான். எனக்கும் தந்தான். நான் மணந்து, கடித்து, சாப்பிட்டும் விட்டேன். அது வெறும் பாண். வேறொன்றும் மணக்கவில்லை.

கடையில் கொண்டுபோய்ப் பூட்டிய நாளில் நானும் போனேன். ஒவ்வொரு தட்டிலும் என் நூல் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். கதவைச் சாத்தினான். மேல்தட்டிலும் அடித்தட்டிலும் நூல் ஒரே மாதிரி, லேசாக அசைந்தது. பெரியண்ணை அலுமாரியில் காதை வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். “பரவாயில்லையடா” என்றார். அவர் வாயில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி வராது.

அந்த மழைக்காலத்தில் ஒரு சுருட்டும் பூக்கவில்லை. ஒன்றும் வெடிக்கவில்லை. பெரியண்ணை அடுத்த கப்பலில் நல்ல சரக்காக நிறைய எடுப்பித்து அலுமாரியை நிரப்பினார். கிளப்புக்குக் கொடுக்கப் போகிற சரக்கு அது.

இனி வெள்ளிக்கிழமை. எங்கள் ஆட்களின் கடைகளில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தூபக்காலில் சிரட்டைக் கரி, அதன்மேல் சாம்பிராணி. முதலாளி அதை எடுத்துக்கொண்டு படத்துக்குக் காட்டி, கல்லாப்பெட்டிக்குக் காட்டி, மூலை முடுக்கெல்லாம் காட்டுவார். அலுமாரிகளைத் திறந்து உள்ளேயும் புகை போகவிடுவார். பெரியண்ணை அதில் கண்டிப்பானவர். அன்றொரு வெள்ளிக்கிழமை நான் கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோயிருந்தேன். தம்பியும் வந்திருந்தான். பெரியண்ணை முன்கடையை முடித்துக்கொண்டு, சுருட்டு அலுமாரி இருக்கும் உள் அறைக்கு வந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

“புது அலுமாரி. தொரைமாற்றை கண்ணெல்லாம் இதிலைதான். கண்ணூறு படக் கூடாது” என்று சொல்லி, தூபக்காலை உள்ளே நீட்டிப் புகையை நன்றாகப் பிடித்தார். பிறகு புகையோடு கதவைச் சாத்தினார். கிளப்புச் சரக்கு வந்த நாள் முதல் வெள்ளிக்கு வெள்ளி அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி கைகூப்பி நின்றான். நானும் நின்றேன். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறந்த நாள் முதல் சாம்பிராணிக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மூக்குக்கு அது ஒரு மணமே இல்லை. விசிறி இல்லாவிட்டால் அந்தப் புகை முன்பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போயிருக்கும். இப்போது விசிறி தன் வேலையைச் செய்தது. உள்ளே வந்ததை ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவாகக் கொண்டுபோய்க் கொடுத்தது.

கிளப்பிலிருந்து சரக்கு முழுவதும் திரும்பி வந்தது.

பெரியண்ணை அன்றைக்கே தம்பியைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமில்லை.

“எண்ணெய் மணக்குதாம் அக்கா. சுருட்டெல்லாம் எண்ணெய் மணக்குதாம்.”

“ஆர் சொன்னது?”

“தொரை சொன்னவராம்.”

“நாங்கள் பாண் வைச்சுப் பாத்தனாங்களல்லோ?”

“பாத்தனாங்கள்தான். பாண் வேறை, சுருட்டு வேறையாக்கும்.”

ஒரு சுருட்டைத் தா, மணந்து பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறான். எல்லாவற்றையும் வெள்ளவத்தை வாய்க்காலில் கொட்டிவிட்டேன் என்றாராம் பெரியண்ணை. விசிறியையாவது தா, பிழையைப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். உடைத்து எறிந்துவிட்டேன் என்றாராம். மணந்து பார்க்கச் சுருட்டும் இல்லை, கழற்றிப் பார்க்க விசிறியும் இல்லை. இல்லாத பிழையை அவன் மனதுக்குள்ளேயே தேடத் தொடங்கினான். சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையில் கையை வைத்தபடி யோசிப்பான். என் மெஷின் எண்ணெய்ப் போத்தலை எடுத்து மணப்பான். மூடுவான். திரும்பவும் திறந்து மணப்பான். ஒரு நாள் அந்தப் போத்தலை அவன் கையிலிருந்து பிடுங்கி ஒளித்து வைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வருடம் எங்கள் ஆட்களின் வியாபாரிகள் சங்கத்துக்குப் பெரியண்ணை தலைவர். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் ஆண்டு விழா. பெண்கள் பக்கத்தில் நான் இருந்தேன். தம்பி பின்னால் கதவடியில் நின்றான். கிளப் வியாபாரம் ஏன் கைவிட்டுப் போனது என்று எல்லாரும் குசுகுசுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பெரியண்ணை மேடையில் நின்று, வியாபாரத்தில் சொந்தம் பார்க்கக் கூடாது என்று பேசத் தொடங்கினார்.

“கூடப்பிறந்தவன் எண்டு நம்பி ஒரு ஃபேன் செய்யக் குடுத்தன். அவன் சுருட்டை எண்ணெயிலை குளிப்பாட்டிப் போட்டான். தொரை சுருட்டைப் பத்தப் பயந்தவர், எங்கை லாம்பு மாதிரிக் குப்பெண்டு பிடிச்சிடுமோ எண்டு!”

மண்டபம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என்னைத் தெரியாமல் என் தொடையில் தட்டிச் சிரித்தாள். நான் திரும்பிக் கதவடியைப் பார்த்தேன். தம்பியும் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரிக்கும்போது அவனும் சிரித்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பட்டறை முதலாளியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அடுத்த கிழமையிலிருந்து வாடிக்கைக்காரர், “உந்த எண்ணெய்க்காரனிட்டைக் குடுக்காதேங்கோ” என்று சொல்லத் தொடங்கினார்கள். சிலர் பகிடிக்குத்தான் சொன்னார்கள். முதலாளி அவனைப் போகச் சொல்லவில்லை. ஆனால் மோட்டாரைக் கழற்றுகிற வேலை அவனுக்கு வரவில்லை. தூக்க, இறக்க, கூட்ட மட்டும். அவனே நின்றுவிட்டான். நின்று, கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளில் கூலி வேலைக்குப் போனான்.

“ஏனடா அங்கை போறாய்?” என்று நான் சண்டை பிடித்தேன். “கைவேலை தெரிஞ்சவனல்லோ நீ?”

“எண்ணெய்க்காரன் எண்ணெயிட்டைத் தானே போகவேணும்” என்றான்.

பின்னேரம் வரும்போது உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும். கிணற்றடியில் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. என் மெஷின் ஒரு தரம் பழுதானது. பார்க்கச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “வேறை ஆரையும் கூப்பிடு அக்கா, நான் தொட்டால் பழுதாப்போகும்” என்றான். சின்ன வயதில் வீட்டு மணிக்கூட்டை மூன்று தரம் கழற்றிப் பூட்டியவன் அவன்.

அவனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது, டாக்குத்தர் டைபொயிட் என்றார். அது கொலன்னாவைத் தண்ணீரில் வந்ததா, வேறெங்கும் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். காய்ச்சல் பெரியண்ணையால் வந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சலில் கிடந்தவனுடைய மனம் எதில் கிடந்தது என்று எனக்குத் தெரியும். நான் நெற்றியில் ஈரச்சீலை போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தான். தெளிவாகத்தான் இருந்தான்.

“அக்கா, எண்ணெய் உள்ளை போக வழியே இல்லையே. எப்பிடிப் போனது?”

“போகேல்லையடா.”

“போனபடியால்தானே மணந்தது.”

நான் ஈரச்சீலையைத் திருப்பிப் போட்டேன். அவன் பிறகும் கதைத்தான், தண்ணீர் கேட்டான், அம்மாவைக் கூப்பிட்டான். ஆனால் அவன் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். பதில் தெரியாமலே போனான்.

செத்தவீட்டுக்குப் பெரியண்ணை வந்தார். எல்லாம் முன்நின்று செய்தார். வெற்றிலைத் தட்டமும் சுருட்டுத் தட்டமும் அவரே கொண்டுவந்து வைத்தார். எங்கள் செத்தவீடுகளில் வந்த ஆம்பிளைகளுக்குச் சுருட்டு வைப்பது வழக்கம். வந்தவர்களில் ஒரு வயசாளி, வாழ்நாள் முழுக்கச் சுருட்டுப் பத்துகிறவர், ஒன்றை எடுத்துக்கொண்டு தூரத்தில் ஒழுங்கை முடக்குக்குப் போய்ப் பத்தினார். பத்தியவர் துப்பிக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, இதென்ன சுருட்டு? சாம்பிராணிக் கட்டியை வாயிலை வைச்ச மாதிரிக் கிடக்கு.”

நான் தட்டத்தைப் பார்த்தேன். யாழ்ப்பாணச் சுருட்டு அல்ல. தங்கக் கடுதாசி வளையம் போட்ட கியூபாச் சுருட்டு. வாய்க்காலில் கொட்டியதாகச் சொன்ன சுருட்டு. துரைமார் வேண்டாம் என்று திருப்பியதை வீசவும் மனம் வராமல் வைத்திருந்து, தம்பியின் சாவுக்கு வந்தவர்களுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். செத்தவீட்டில் யார் மணந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

தம்பியை எடுத்துக்கொண்டு ஆம்பிளைகள் போன பிறகு, நான் ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு பின்வளவில் கிணற்றுக்கு அங்காலே போனேன். நெருப்புக்குச்சி கிழித்துப் பத்தவைத்தேன். வாயில் வைத்து இழுத்தும் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கடை மணம். எண்ணெயின் மணம் ஒரு துளியும் இல்லை. அப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. அலுமாரியைத் திறந்து புகை பிடித்ததும், விசிறி சுற்றியதும், தம்பி கைகூப்பி நின்றதும். அவன் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் என் கையில் எரிந்துகொண்டிருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். வந்திருந்த பெண்கள் சாவுக்கு அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

பெரியண்ணைக்குத் தெரிந்திருக்காது, அவரும் பாவம் பிழையாக நினைத்திருப்பார் என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். பிறகு அந்தக் கடையில் இங்கிலிஸ் கதைத்து எழுத்து வேலை பார்த்த கிளாக்கரைத் தேடிப்போனேன். கொழும்பு முஸ்லிம் ஆள், அதற்குள் அந்தக் கடையை விட்டுவிட்டார்.

“நான் பொய் சொல்ல ஏலா அக்கா” என்றார். “சேர்ச் வாசம் அடிக்கிதுண்டுதான் தொரை சொன்னார். மையத்து வீட்டுப் பூசை வாசமாம். எண்ணெய்ண்டு அவர் வாயால ஒரு பேச்சும் வரல்ல.”

“அப்ப பெரியண்ணை?”

“மொதலாளி சுருட்ட மோந்து பாத்தார். இன்னொண்டயும் எடுத்து மோந்தார். பொறகு, இது மிஷினுக்குப் போட்ட எண்ணெய், செஞ்சவன் பிழைண்டு தொரைட்ட சொன்னார். நான்தானே இங்கிலிஸ்ல சொல்லிக் குடுத்த.”

அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். முன்கடையில் சாம்பிராணி. உள் அறைக் கதவு இறுக்கிப் பூட்டியிருந்தது, கதவின் கீழே துணி வேறு அடைத்திருந்தது. புகை எல்லாம் போன பிறகு பெரியண்ணை கதவைத் திறந்தார். நான் பின்னாலேயே போனேன். அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். என் கையால் தைத்த ஏணை தொங்கியது. அதற்குள் தம்பியின் மோட்டார், ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. உடைத்து எறிந்ததாகச் சொன்ன விசிறி.

“இதென்ன பெரியண்ணை?”

அவர் கதவைச் சாத்தினார். “மெல்லக் கதை. கடையிலை ஆள் நிக்குது.”

“உங்களுக்குத் தெரியும். முதலே தெரியும்.”

“தெரிஞ்சு என்ன செய்யச் சொல்றாய்? நான் தூபம் காட்டினதாலைதான் உங்கடை சுருட்டு நாறினது எண்டு வெள்ளைக்காரனிட்டைச் சொல்லட்டோ? காட்டான் எண்டு சிரிப்பான். கடைப்படி மிதிப்பானோ?”

“வெள்ளைக்காரனை விடுங்கோ. தம்பியிட்டைச் சொல்லியிருக்கலாமே. அவன் ஒருத்தனிட்டையாவது.”

“சொன்னால் அவன் உன்னட்டைச் சொல்லுவான். நீ ஊருக்குச் சொல்லுவாய். உன்ரை வாய் எனக்குத் தெரியாதோ?”

“மேடையிலை ஏன் சொன்னனீங்கள்?”

“கேட்ட சனத்துக்கு ஒரு பதில் வேணுமல்லோ. தம்பி தானே, தாங்குவான் எண்டு நினைச்சன்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “செத்தவனுக்கு இனிப் பேர் எதுக்கு? இருக்கிறவனுக்குத்தான் வேணும்.”

இதையெல்லாம் பூட்டிய அறைக்குள் சொன்னார். வெளியே வந்தவுடன் ஆட்களுக்கு முன்னால், “தங்கச்சி, ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போவன்” என்றார். நான் அந்தப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

ஆண்டுகள் போய்விட்டன. யுத்தம் வந்தது, முடிந்தது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்கிறார்கள். எந்தத் துரை சிரிப்பான் என்று பயந்து தம்பியைப் பலி கொடுத்தீர்களோ, அந்தத் துரைமார் கப்பல் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்களிடையே இன்றைக்கும் வேலை பழுதாக்குகிறவனைக் கண்டால், “சுருட்டுக்கு எண்ணெய் விட்டவன் மாதிரி” என்கிறார்கள். சொல்கிற பிள்ளைகளுக்கு அது யார் என்றுகூடத் தெரியாது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என் காதால் கேட்டேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள் பெரியண்ணை. நீங்களும் கேட்டீர்கள். கேட்டுவிட்டுப் பாயசத்தைக் குடித்தீர்கள்.

எனக்கு உங்களிடம் ஒன்றும் வேண்டாம். வீட்டுக்கு வந்து காலில் விழ வேண்டாம். ஆளை அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். கோயிலில் தம்பி பெயரில் அன்னதானம் போட வேண்டாம். பூட்டிய அறைக்குள் சொன்னது எனக்குப் போதாது, ஏனென்றால் பொய்யை நீங்கள் பூட்டிய அறைக்குள் சொல்லவில்லை.

சங்கத்தின் ஆண்டு விழா வருகிறது. இந்த வருடமும் நீங்கள் மேடையில் இருப்பீர்கள். அதே வெள்ளவத்தை மண்டபத்தில், அன்றைக்குச் சிரித்த அதே சனத்துக்கு முன்னால் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். சுருட்டைக் கெடுத்தது யார்? விசிறியில் என்ன பிழை இருந்தது? நான் எழுதியது பொய் என்றால், அதையும் அங்கேயே நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருப்பேன். சொல்லுங்கள், பெரியண்ணை.